காலித் தொட்டியைப் பத்திரப்படுத்த: கண்ணாடியா, அக்ரிலிக்கா?

மீன் இல்லாத தொட்டியை வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையின் கீழோ, உறையும் கொட்டகையிலோ மாதக்கணக்கில் விட்டுவைத்தால் எது தாங்கும், கண்ணாடியா, அக்ரிலிக் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கா?

சூட்டுக்குக் கண்ணாடிதான் கெட்டி. 1 மீட்டர் நீளத் தொட்டியின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் ஏறினால் கண்ணாடி அரை மில்லிமீட்டர்கூட நீளாது; அக்ரிலிக் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். அதனால் மட்டும் அது உடைந்துவிடாது. ஆனால் மேலே நாலு பெட்டியை ஏற்றி, அடியில் மேடுபள்ளமான தரையும் இருந்தால் அக்ரிலிக் தகடு நாளடைவில் வளைந்துபோகலாம்.

குளிரில் கதை வேறு. வெறும் குளிர் இரண்டையுமே அவ்வளவாகப் பாதிக்காது; கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிகோன் பசையும் உறைநிலைக்கு வெகு கீழே வரை நெகிழ்வாகவே இருக்கும். வில்லன், கழுவியபின் மூலையில் தேங்கிய தண்ணீர். உறையும்போது அது 9 சதவீதம் விரியும். துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்ட பிறகே மூடுங்கள்.

கண்ணாடிக்கு இன்னொரு ஆபத்து, திடீர் மாற்றம். குளிர்ந்த தொட்டியை உள்ளே கொண்டுவந்த கையோடு வெந்நீர் ஊற்றினால் சட்டென விரிசல் விடும். அக்ரிலிக்குக்கு அந்தப் பயம் குறைவு, இடிபட்டாலும் பிழைக்கும். கீறல் மட்டும் சுலபமாக விழும். ஆல்கஹால் கலந்த துடைப்பான் பட்டால் நுண்விரிசலும் வரும்.

என் தேர்வு: சூடான இடமென்றால் கண்ணாடி, சாமான்கள் இடிபடும் இடமென்றால் அக்ரிலிக். எதுவானாலும் நிமிர்த்தி, சமமான பலகைமேல் வையுங்கள். அப்புறம், மீன் விடுமுன் ஓரிரு நாள் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.