நீல்சன் ஆடியோவின் வானொலிச் சந்தைப் பட்டியல்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

அமெரிக்க வானொலிச் சந்தைகளை மக்கள்தொகை வரிசையில் அடுக்கி, வானொலி நேயர் கணக்கெடுப்பு நிறுவனமான நீல்சன் ஆடியோ வெளியிடும் பட்டியல், கட்டணம் இல்லாமல் எவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஆவணம். விளம்பர நேரம் வாங்குபவர்கள், நிலையங்களை விலை பேசுபவர்கள், ஊடக உடைமை பற்றி எழுதுபவர்கள் என்று பல தரப்பினரும் முதலில் எடுப்பது இதைத்தான். ஆனால் ஒரு நகரத்தில் எத்தனை வானொலி நிலையங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதற்காக இதைத் திறப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். சந்தையின் எல்லையையும் அதற்குள் வாழும் மக்களின் எண்ணிக்கையையும் தெளிவாகச் சொல்லும் இந்தப் பட்டியல், நிலையங்களின் எண்ணிக்கையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பயன்படுத்தினால், இது நம்பத்தகுந்த ஆவணம் என்பதே என் மதிப்பீடு.

பட்டியலின் அமைப்பு எளிமையானது. சந்தையின் தரவரிசை எண், பெயர், 12 வயதும் அதற்கு மேலும் உள்ள மக்களின் தொகை, அவர்களுள் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் எத்தனை பேர், ஆண்டில் எத்தனை முறை அங்கே நேயர் கணக்கெடுப்பு நடக்கிறது என்ற விவரங்கள் இதில் இருக்கும். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ என்று தொடங்கி, சுமார் 250 சந்தைகள் வரை வரிசை இறங்கிச் செல்கிறது. இதன் பின்னணியில் நீண்ட அனுபவம் இருக்கிறது. ஆர்பிட்ரான் என்ற பெயரில் நெடுங்காலம் இயங்கி வந்த நிறுவனத்தை நீல்சன் 2013-இல் வாங்கியது. பெரிய சந்தைகளில், ஐம்பதுக்குச் சற்றுக் குறைவானவற்றில், கையடக்கக் கருவி வழியாகவும் மற்றவற்றில் நேயர்கள் நிரப்பித் தரும் நாட்குறிப்பு வழியாகவும் கணக்கு எடுக்கப்படுகிறது. ஒரு சந்தையின் ரேட்டிங்கை இன்னொன்றோடு ஒப்பிடுபவர்கள், அவை எந்த முறையில் எடுக்கப்பட்டவை என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

சந்தை என்பதை நீல்சன் கவுண்டிகளை, அதாவது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளை, கொண்டு வரையறுக்கிறது. அரசு வகுத்துள்ள பெருநகரப் பகுதிகளை அடிப்படையாக வைத்து, சில இடங்களில் மாற்றங்கள் செய்து, ஒன்றோ பலவோ கவுண்டிகளைச் சேர்த்து ‘மெட்ரோ’ என்ற அலகை அமைக்கிறார்கள். தொலைக்காட்சிக்கு இதே நிறுவனம் வகுத்துள்ள 210 சந்தைகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொலைக்காட்சிச் சந்தைகள் ஏறத்தாழ நாடு முழுவதையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு கவுண்டி பொதுவாக ஒரு சந்தைக்கு மட்டுமே உரியது. வானொலியின் நிலை அப்படியன்று. நாட்டின் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகளுள் ஏராளமானவை எந்த மெட்ரோவிலும் சேராமல் வெளியே நிற்கின்றன. வேறு சில ஒரே சமயத்தில் இரண்டு சந்தைகளுக்குள் வருகின்றன. லாங் ஐலண்டின் நாசாவ், சஃபோக் ஆகிய இரு கவுண்டிகளும் தனிச் சந்தையாக இடம்பெற்றாலும் நியூயார்க் சந்தையின் பகுதியாகவும் கணக்கிடப்படுகின்றன. சான் ஹோசேக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான உறவும் இதுதான். எனவே பட்டியலில் உள்ள மக்கள்தொகைகளை மேலிருந்து கீழாகக் கூட்டுபவர் சிலரை இருமுறை எண்ணிவிடுவார். இந்த உள்ளடங்கிய சந்தைகளை அடிக்குறிப்பில் மட்டும் சுட்டாமல் வரிசையிலேயே தனியாகக் காட்டியிருக்கலாம்.

நிலையங்களின் எண்ணிக்கை ஏன் இல்லை என்று கேட்டால், அதற்கு நியாயமான காரணம் உண்டு. கவுண்டியின் எல்லை வரைபடத்தில் நின்றுவிடுகிறது. அலை அங்கே நிற்பதில்லை. 100.3 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் டபிள்யூ.எச்.டி.இசட். நிலையத்தின் உரிமம் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகருக்குரியது. ஒலிபரப்போ நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து நடக்கிறது. இரண்டு நகரங்களும் ஒரே மெட்ரோவுக்குள் இருப்பதால் இங்கே சிக்கல் எழவில்லை. மெட்ரோவின் விளிம்பில் இருக்கும் நிலையங்களுக்கு வரும்போதுதான், உரிமம் பெற்ற ஊர், கோபுரம் நிற்கும் இடம், நேயர்கள் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் மூன்று விடைகளைத் தருகின்றன. அதனால்தான் நீல்சன் தன் சந்தாதாரர்களுக்குத் தரும் அறிக்கைகளில், அந்தச் சந்தையைத் தாயகமாகக் கொண்ட நிலையங்களைக் கோட்டுக்கு மேலும், வெளியிலிருந்து வந்து கேட்கும் நிலையங்களைக் கோட்டுக்குக் கீழும் பிரித்துக் காட்டும் வழக்கம் உண்டு. பொதுமக்கள் பார்க்கும் ரேட்டிங் பட்டியல்களில் இந்தப் பிரிவு தெரியாது. சந்தா கட்டாத நிலையங்களின் பெயரே அவற்றில் வராது. ரேட்டிங் பட்டியலில் உள்ள பெயர்களை எண்ணி, இந்தச் சந்தையில் இத்தனை நிலையங்கள் என்று எழுதுவது பெரும்பிழை.

இந்தப் பட்டியலின் உண்மையான எடை விளம்பரத் துறைக்கு வெளியே தெரிகிறது. ஒரு சந்தையில் ஒரு நிறுவனம் எத்தனை நிலையங்களை வைத்துக்கொள்ளலாம் என்ற சட்ட வரம்பை அமல்படுத்தும் எஃப்.சி.சி., அதாவது மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம், மெட்ரோ எல்லைகளையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வகுத்த படிநிலைகள் இன்றும் நடைமுறையில் இருப்பவை. 45 அல்லது அதற்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ள சந்தையில் ஒருவர் 8 வணிக நிலையங்கள் வரை வைத்திருக்கலாம், அவற்றுள் ஏ.எம். அல்லது எஃப்.எம். என ஒரே வகையில் 5-க்கு மேல் கூடாது. 30 முதல் 44 வரை என்றால் 7, ஒரே வகையில் 4. 15 முதல் 29 வரை என்றால் 6, ஒரே வகையில் 4. 14 அல்லது அதற்குக் குறைவு என்றால் 5, ஒரே வகையில் 3, அதுவும் மொத்த நிலையங்களில் பாதிக்கு மேல் போகாமல் இருந்தால்தான். 44-க்கும் 45-க்கும் இடையில் ஒரேயொரு நிலையம் கூடினாலும் ஒருவரின் வரம்பு ஒன்று உயர்கிறது என்பதால், சந்தை எங்கே முடிகிறது என்ற கேள்வி வெறும் நிலப்படக் கேள்வி அன்று.

முன்பு இருந்த முறையோடு ஒப்பிட்டால்தான் இப்போதைய முறையின் அருமை புரியும். 2003-இல் எஃப்.சி.சி. மாற்றத்தை முடிவு செய்யும் வரை, நிரந்தரமான சந்தை என்று எதுவும் இருக்கவில்லை. ஒரே கைக்கு வரப்போகும் நிலையங்களின் வலுவான அலைப்பரப்பு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியை வரைந்து, அந்த வட்டங்களுள் எதையேனும் தொடும் நிலையங்கள் அனைத்தையும் சந்தைக்குள் எண்ணினார்கள். வாங்குபவரிடம் ஏற்கெனவே உள்ள நிலையங்களை எண்ணும்போது மட்டும் குறுகலான அளவுகோல் வந்துவிடும். இதனால் அதிக ஆற்றலுள்ள நிலையத்தைக் கையில் வைத்திருப்பவருக்குச் சந்தை தானாகவே பெரிதாகி, வரம்பும் உயர்ந்தது. ஒரே ஊரில் வாங்குபவர் மாறினால் சந்தையும் மாறியது. இது முறையே அன்று. வேண்டிய விடைக்கு ஏற்பக் கேள்வியை வளைத்துக்கொள்ள இடம் தந்த ஓட்டை. அதற்கு மாற்றாக மெட்ரோ எல்லையைக் கொண்டுவந்தது சரியான முடிவு. நீதிமன்ற வழக்குகளால் சிறிது காலம் தடைப்பட்டு, 2004-இல் அது நடைமுறைக்கு வந்தது. மெட்ரோ எல்லையோ, நிலையத்தின் தாயகச் சந்தையோ மாற்றப்பட்டால் அந்த மாற்றத்தின் பலனை இரண்டு ஆண்டுகள் கழியும் முன் எடுத்துக்கொள்ள முடியாது என்ற விதியையும் சேர்த்தார்கள். நீல்சன் தன் வாடிக்கையாளர்களின் வேண்டுகோளுக்கு இணங்கிக் கவுண்டிகளைச் சேர்க்கவோ நீக்கவோ கூடும் என்பதால், இந்தக் காவல் அவசியமானது.

எந்த மெட்ரோவிலும் சேராத ஊர்களுக்கு மட்டும் பழைய வட்ட முறையே திருத்தங்களோடு தொடர்கிறது. வட்டங்கள் ஒன்றுபடும் பகுதியின் விளிம்பிலிருந்து 92 கிலோமீட்டருக்கு அப்பால் கோபுரம் உள்ள நிலையங்களை எண்ணக் கூடாது என்பது முக்கியமான திருத்தம். 92 என்பது சும்மா வந்த எண் அன்று. 100 கிலோவாட் ஆற்றலும் 600 மீட்டர் உயரமும் கொண்ட ‘சி’ வகை எஃப்.எம். நிலையத்தின் சேவைப்பரப்பு எட்டும் தொலைவு அது.

எண்ணிக்கைதான் வேண்டும் என்பவர்கள் எஃப்.சி.சி.யின் இலவசத் தேடல் சேவையான எஃப்.எம். குவரிக்கும் ஏ.எம். குவரிக்கும் செல்ல வேண்டும். ஊர், அலைவரிசை, நிலைய வகை என்று எதைக் கொண்டும் தேடலாம். அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்து இத்தனை கிலோமீட்டர் ஆரத்துக்குள் என்றும் கேட்கலாம். தகவலின் ஆழத்தில் இதற்கு இணையான இலவசச் சேவையை நான் பார்த்ததில்லை. ஆனால் வந்து விழும் வரிகளை அப்படியே எண்ணிவிடக் கூடாது. ஒரே நிலையம் நடப்பு உரிமமாக ஒரு வரியிலும், கட்டுமான அனுமதியாக இன்னொரு வரியிலும், மாற்று ஒலிபரப்பியாக மூன்றாவது வரியிலும் வரக்கூடும். எல்லையோர ஊர்களில் கனடா, மெக்சிகோ நிலையங்களும் கலந்திருக்கும். 100 வாட்டுக்குள் இயங்கும் சமூக நிலையங்களும், பிற நிலையங்களின் ஒலியை மறுஒலிபரப்பும் 250 வாட் டிரான்ஸ்லேட்டர்களும் நேயருக்குத் தனி நிலையங்களாகவே கேட்கும். சட்டக் கணக்கில் அவை சேரா, முழு ஆற்றல் நிலையங்கள் மட்டுமே சேரும். நிலைய அடையாள எண் ஒன்றுக்கு ஒரு வரி என்று சுருக்கி, உரிமம் பெற்றவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டால் நம்பத்தக்க தொகை கிடைக்கும்.

அலைவரிசையின் இயற்கையான வரம்பையும் அந்த வரிகளிலேயே பார்க்கலாம். எஃப்.எம். பட்டையில் 100 சானல்கள் இருந்தாலும், அருகருகே உள்ளவை ஒன்றையொன்று கெடுக்கும் என்பதால் ஒரே இடத்திலிருந்து ஒலிக்கும் நிலையங்களுக்கு இடையே பொதுவாக 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடப்படுகிறது. நியூயார்க்கின் வரிசை 97.1, 97.9, 98.7, 99.5, 100.3, 101.1 என்று 107.5 வரை இந்த இடைவெளியிலேயே ஏறிச் செல்கிறது. 88 முதல் 108 வரையிலான 20 மெகாஹெர்ட்ஸை இப்படிப் பங்கிட்டால் ஒரு கோபுரப் பகுதியில் ஏறத்தாழ 25 முழு ஆற்றல் எஃப்.எம். நிலையங்களே அடங்கும். ஒரு மெட்ரோவில் அதைவிடப் பல மடங்கு நிலையங்கள் இருப்பதாகச் சொல்லப்பட்டால், அது ஏ.எம். நிலையங்களையும், புறநகர்களில் தள்ளி நிற்கும் சிறிய ‘ஏ’ வகை நிலையங்களையும் சேர்த்த கணக்கு. எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் ஒரு வீட்டில் இருக்கும் நேயருக்கு அவை அனைத்தும் கேட்கும் என்று பொருள் இல்லை.

நீல்சன் பட்டியலில் இன்னும் ஒரு நெடுவரிசை சேர்க்கப்பட வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்வேன்: ஒவ்வொரு சந்தைக்கும் எதிரே, அதைத் தாயகமாகக் கொண்ட முழு ஆற்றல் நிலையங்களின் எண்ணிக்கை, வணிகம், வணிகமற்றவை என்ற பிரிவோடு. இப்போது எஃப்.சி.சி. இந்தத் தொகையை, பி.ஐ.ஏ. என்ற தனியார் நிறுவனத்தின் தரவுகளிலிருந்து பெறுகிறது. கட்டணம் கட்டாதவர்களால் அதைச் சரிபார்க்க முடிவதில்லை. பொதுச் சட்டம் சார்ந்திருக்கும் ஓர் எண் பொதுமக்கள் கண்ணுக்கு எட்ட வேண்டும். அது வரும் வரை, சந்தையின் எல்லைக்கும் மக்கள்தொகைக்கும் நீல்சன் பட்டியலையும், நிலையங்களை எண்ணுவதற்கு எஃப்.சி.சி.யின் தேடலையும் பயன்படுத்துங்கள்; இரண்டிலும் பதிப்பின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மெட்ரோவின் கவுண்டிகளும் நிலையங்களின் உரிமங்களும் ஓர் ஆண்டில் இருந்தபடியே அடுத்த ஆண்டில் இருப்பதில்லை.