எஸ்.பி. ரோட்டில் லினக்ஸ் நிறுவி விற்கும் மினி கணினிகள்: வாங்குவதற்கு முன் படியுங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் புதுப்பித்த மினி கணினிகள் மூன்று வாங்கினோம். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் வீட்டிலேயே குபெர்னெட்டிஸ் (பல கணினிகளைச் சேர்த்து ஒன்றாக இயக்க உதவும் மென்பொருள்) பழக ஆசைப்பட்டாள். உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தருவதற்குக் கணினிக்கு 1,500 ரூபாய் தனிக்கூலி. "எஸ்எஸ்டி சேமிப்பு வட்டுகள் மூன்றும் புத்தம் புதியவை, நம் ஊர்க்காரருக்குத் தப்பாகக் கொடுப்பேனா?" என்று கடைக்காரர் தமிழில் உரிமையோடு பேசினார்.

வீட்டில் மூன்றையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் இணைத்த உடனே தொல்லை தொடங்கியது. தனித்தனியாக ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை. சேர்த்து ஓட்டினால் இணைப்பு அறுந்து அறுந்து போகும்; முதல் கணினிக்குள் நுழைந்ததாக நினைத்தால் மூன்றாவதில் நிற்போம். கடைக்குப் போன் செய்தேன். "தனியாக ஓடுகிறதல்லவா சார், அப்படியானால் உங்கள் ரூட்டர்தான் கோளாறு. ஸ்விட்சையும் மாற்றிவிடுங்கள், நம்மிடமே நல்லது இருக்கிறது" என்றார்.

கோளாறைக் கண்டுபிடித்தவள் அண்ணன் மகள்தான். "சித்தப்பா, மூன்றுக்கும் ஒரே ஐபி முகவரி வருகிறது பாருங்கள்" என்றாள். ஒரு கணினியில் மட்டும் உபுண்டுவை நிறுவி, அந்த வட்டை அப்படியே மற்ற இரண்டுக்கும் நகலெடுத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ஒவ்வொரு கணினிக்கும் தனியாக இருக்க வேண்டிய மெஷின்-ஐடி என்ற அடையாள எண்ணைத் தொடவே இல்லை. ரூட்டரிடம் முகவரி கேட்கும்போது உபுண்டு சர்வர் தன் அடையாளத்தை அந்த மெஷின்-ஐடியிலிருந்துதான் உருவாக்குகிறது. மூன்றிலும் அது ஒன்றே என்பதால், ரூட்டர் மூன்றையும் ஒரே கணினியாக எண்ணி ஒரே முகவரியைக் கொடுத்தது. எதிரில் இருப்பது வேறு கணினி என்றால், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழக்கமாக உரக்க எச்சரிக்கும். இங்கே கணினியை அடையாளம் காட்டும் அதன் ஹோஸ்ட் சாவிகளும் நகல் என்பதால் அந்த எச்சரிக்கையும் வரவில்லை. ரூட்டர் மீது ஒரு குற்றமும் இல்லை. அதை மாற்றியிருந்தால் இன்னும் சில ஆயிரங்கள் வீணாகியிருக்கும்.

இதையாவது சோம்பேறித்தனம் என்று விடலாம். அடுத்து வந்ததைப் பொறுக்க முடியவில்லை. எந்தச் சாவி வைத்திருப்பவர் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே வரலாம் என்று சொல்லும் எஸ்எஸ்எச் அனுமதிப் பட்டியலில் (authorized_keys) எங்களுக்குத் தெரியாத ஒரு சாவி இருந்தது. அந்தச் சாவி திறக்கும் பயனர் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்காமலேயே சுடோ உரிமையும் (கணினியில் எதையும் மாற்றும் நிர்வாகி உரிமை) தரப்பட்டிருந்தது. வீட்டு ரூட்டரைத் தாண்டி வெளியார் நேரே நுழைவது கடினம்தான். ஆனால் தன் புராஜெக்டுக்காக அவள் ரூட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து வரும் வழியை, திறக்க இருந்தாள். திறந்திருந்தால், அந்தச் சாவியை வைத்திருப்பவர் எவரானாலும் எங்கள் வீட்டுக் கணினிக்கு முதலாளி!

அதன்பிறகு எஸ்எஸ்டியையும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) என்ற வட்டுச் சோதனைக் கருவி கொண்டு பார்த்தோம். இரண்டில் 'பவர் ஆன் அவர்ஸ்' (வட்டு ஓடிய மணி நேரம்) 20,000-ஐத் தாண்டியிருந்தது. ஓர் ஆண்டுக்கே 8,760 மணி நேரம்தான். இரண்டு ஆண்டுக்கு மேல் இரவு பகலாக ஓடிய வட்டுகளைத்தான் 'புதியது' என்று விற்றிருக்கிறார்கள்.

மூன்றையும் அழித்து, உபுண்டுவின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய கோப்பைக் கொண்டு தனித்தனியாக நிறுவினோம். பழைய ரூட்டர், பழைய ஸ்விட்ச் ஆகியவற்றோடே மூன்று கணினிகளும் சேர்ந்த கிளஸ்டர் இப்போது ஒழுங்காக ஓடுகிறது.

இத்தகைய கணினி வாங்குபவர்கள் நிறுவல் கூலியைக் கொடுக்கவே வேண்டாம். லைவ் யூஎஸ்பி (நிறுவாமலேயே லினக்ஸை இயக்கும் பென் டிரைவ்) ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே இயக்கி, எஸ்எஸ்டியின் மணிக்கணக்கைப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். இயக்கிப் பார்க்க விட மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள், அந்தத் தெருவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எஸ்எஸ்டி புதியது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் அந்தச் சொல் இருந்ததால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் துணிந்து புகார் கொடுக்க முடிந்தது.

புகாருக்குப் பிறகு இரண்டு எஸ்எஸ்டிகளுக்கான பணத்தைத் திருப்பித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அந்தச் சாவி யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் இதுவரை பதில் இல்லை. இப்படி நிறுவிய கணினி உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், இன்றைக்கே அந்த அனுமதிப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.