ட்சுபாகி அருவியில் மிசோகி, டோக்கியோவில் குளிர்த்தொட்டி: இரண்டுக்கும் போய் வந்தேன்

அவசரமாகப் படிப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் மியே மாகாணத்தின் சுசூகாவில் இருக்கும் ட்சுபாகி பெருங்கோயிலில் மிசோகி செய்கிறார்கள், அதாவது அருவியில் நின்று தீட்டுக் கழிக்கும் சடங்கு. உடம்பு இடம் கொடுக்கிறவர்கள் ஒரு தடவையாவது போக வேண்டும். டோக்கியோவில் "மிசோகி அனுபவம்" என்று விளம்பரம் போட்டு, தனி அறையில் சானாவும் (உடம்பை வியர்க்க வைக்கும் சூட்டறை) குளிர்த்தொட்டியும் வாடகைக்கு விடும் ஒரு கடைக்கும் போனேன், அங்கே இனி போகமாட்டேன். கடையின் பெயர் வேண்டாம், இதே மாதிரி இன்னும் பல கடைகள் வந்துவிட்டன என்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

கடைக்குத்தான் முதலில் போனோம், நானும் அலுவலக நண்பரும், நவம்பரில் ஒரு சனிக்கிழமை. 80 நிமிடம், ஆளுக்கு 5,000 யென். உள்ளே இருவர் உட்காரும் அளவில் ஒரு சானா, வெப்பம் 90 டிகிரி. பக்கத்தில் குறுகலான, நெஞ்சு ஆழத் தொட்டி, அதன் மேல் சிவப்பு எண்ணில் 7 டிகிரி என்று எரிகிறது. சுவரில் அருவியின் கோட்டோவியம், மறைவாக எங்கோ அருவிச் சத்தம் ஓடுகிறது. சாய்வு நாற்காலி இரண்டு, ஜன்னல் இல்லை. எல்லாம் படு சுத்தம், துண்டுகள் நல்ல தடிமன், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் வரவேற்பில் இருந்தவர் பணத்தை வாங்கினார், சாவியைக் கொடுத்தார், அவ்வளவுதான். இரத்த அழுத்தம் உண்டா, இதயக் கோளாறு உண்டா, இதற்கு முன்னால் குளிர்நீரில் இறங்கியிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இல்லை. சானாவில் 10 நிமிடம் இருந்துவிட்டு நண்பர் நேராகத் தொட்டியில் கழுத்துவரை இறங்கினார். இறங்கிய நொடியில் வாய் திறந்துகொண்டது, மூச்சை உள்ளே இழுக்கிறார், இழுத்துக்கொண்டே இருக்கிறார், வெளியே விட வரவில்லை. கைப்பிடியைப் பிடிக்கப் போன விரல்கள் மடங்கவே இல்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே உட்கார வைத்தேன், உதடு வெளுத்திருந்தது. வெளியே வந்து சொன்னபோது கிடைத்த பதில், "முதல் தடவை எல்லோருக்கும் இப்படித்தான்."

எல்லோருக்கும் இப்படித்தான் என்பது உண்மை, அதனால்தான் எனக்குக் கோபம். குளிர்நீர் தோலில் பட்டதும் வரும் அந்தத் திடீர் மூச்சிழுப்பு யாருடைய பலவீனமும் இல்லை, உடம்பின் அனிச்சைச் செயல். முதல் அரை நிமிடம் உச்சத்தில் இருக்கும், ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கும். அந்த நேரத்தில் மூச்சு தாறுமாறாகும், இதயம் படபடக்கும், சூட்டில் விரிந்திருந்த தோல் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதைத் தாண்டுவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியைச் சொல்லித்தராமல் 7 டிகிரித் தண்ணீரை மட்டும் விற்பது எப்படி மிசோகி ஆகும்?

இந்தக் கேள்வியோடுதான் டிசம்பரில் ட்சுபாகிக்குப் போனேன். டோக்கியோவிலிருந்து நாகோயாவுக்கு நொசோமி ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒரு மணி நாற்பது நிமிடம், அங்கிருந்து கின்டெட்சு ரயிலில் யோக்கைச்சி, அப்புறம் பேருந்து. மலையடிவாரம், ஓங்கி வளர்ந்த மரங்கள், நடுவில் பழைய கோயில். இங்கே மூலவர் சாருதஹிகோ, வழிகாட்டும் தெய்வம். மிசோகி நடக்கும் கொன்ரியூ மியோஜின் அருவி கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. மிசோகிக்குக் கோயிலில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும், நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. தண்ணீருக்கு வெளியே செலவான நேரம்தான் அதிகம். ஆண்களுக்கு ஃபுண்டோஷி, அதாவது நம் கோவணமேதான், தலையில் ஒரு வெள்ளைப் பட்டை. பெண்களுக்கு வெள்ளை அங்கி. டிசம்பர்க் காற்றில் அப்படியே நின்று முதலில் ஃபுரிதமா: இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே ஒரு சின்ன உருண்டைக்கு இடம் விட்டதுபோல் குவித்து, வயிற்றுக்கு முன்னால் வைத்துக் குலுக்க வேண்டும். அப்புறம் தோரிஃபுனே, படகு வலிக்கும் பயிற்சி. ஒரு காலை முன்னே வைத்து, துடுப்பைத் தள்ளி இழுப்பதுபோல் முழு உடம்பையும் ஆட்டிக்கொண்டு "ஏய்! ஹோ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். முதல் பத்துக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பக்கத்தில் நிற்பவரின் குரலும் என் குரலும் ஒன்றாகிவிட்டன, தோளிலும் தொடையிலும் சூடு ஏறியது, நெற்றி லேசாக வியர்த்தது. அதற்கப்புறம் கைகளை உயர்த்தி இறக்கி நீளமாக மூச்சு விடும் இபுகி. உப்பும் சாக்கே என்ற அரிசி மதுவும் கொண்டு சுத்தம் செய்வது கடைசி. இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒரு வணக்கம், அப்புறம்தான் தண்ணீர்.

பெரிய அருவி கிடையாது. ஆனால் கீழே நின்றால் அது பெரியதா சிறியதா என்ற நினைப்பே வராது. முதலில் வலது தோள், அப்புறம் இடது தோள், அப்புறம் திரும்பி நின்று பின்கழுத்து. தண்ணீர் கல்லை வீசினாற்போல் அடிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை, எதிரே இருந்த பூசாரியின் குரல்கூட எங்கிருந்தோ கேட்பதுபோல் இருந்தது. அப்போது ஒரு மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: "ஹராயே தமாயே, கியோமே தமாயே, ரொக்கோன் ஷோஜோ." நீக்கி அருளும், தூய்மை செய்தருளும், ஆறு வேர்களும் தூயனவாகுக. ஆறு வேர்கள் என்றால் ஐம்பொறிகளும் மனமும். ஜப்பானின் மரபுச் சமயமான ஷின்டோவின் கோயிலில் சொல்லும் மந்திரத்துக்குள் பௌத்தச் சொல் ஒன்று இப்படிச் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த மந்திரத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமென்றால் மூச்சை வெளியே விட்டாக வேண்டும். எனக்கும் அந்தத் திடீர் மூச்சிழுப்பு வந்தது, நெஞ்சு இறுகியது, ஆனால் வாய் "ஹராயே" என்று தொடங்கிவிட்டதால் இழுத்த மூச்சு சொல்லோடு சேர்ந்து வெளியே போய்விட்டது. மூன்றாவது சுற்றில் மூச்சு என் கைக்கு வந்தது. நண்பருக்குத் தொட்டியில் கிடைக்காமல் போனது இதுதான். குளிர்நீரில் இறங்கினால் மூச்சை வெளியே விடுவதில்தான் கவனம் வேண்டும் என்று இன்று உடலியல் தெரிந்தவர்கள் சொல்வதை, இந்தச் சடங்கை அமைத்தவர்கள் ஒரு மந்திரத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அதை உடலியலாக நினைத்திருக்கமாட்டார்கள், அது வேறு விஷயம்.

எதற்காக இதெல்லாம் என்பதையும் சொல்ல வேண்டும், கடைக்காரர்கள் விட்டுவிடுவது அதைத்தான். 712-இல் தொகுக்கப்பட்ட ஜப்பானியப் புராண நூலான கொஜிகியில் கதை வருகிறது. இறந்துபோன மனைவி இசானமியைத் தேடி யோமி என்ற மரண உலகத்துக்குப் போன இசானகி என்ற தெய்வம், அங்கே அழுகிய உடலைப் பார்த்து ஓடி வருகிறார். வந்ததும் செய்யும் முதல் வேலை ஆற்றில் இறங்கிக் குளிப்பது. இடது கண்ணைக் கழுவும்போது சூரிய தெய்வம் அமதெராசு, வலது கண்ணைக் கழுவும்போது நிலவின் தெய்வம் ட்சுகுயோமி, மூக்கைக் கழுவும்போது புயல் தெய்வம் சுசானோ பிறக்கிறார்கள். கழிக்க வேண்டியதை ஜப்பானியர் கெகாரே என்கிறார்கள், நம் மொழியில் தீட்டு என்ற ஒரே சொல் போதும், விளக்கவே வேண்டாம். சாவு, நோய் போன்றவை ஒட்டிக்கொள்வது, அது பாவம் ஆகாது. வாசலில் கை கழுவும் தொட்டியிலிருந்து அருவிவரை எல்லாமே இந்த ஒரே காரியத்தின் சிறிய பெரிய வடிவங்கள். தசை வலி குறையும், தூக்கம் வரும் என்பதற்காக யாரும் அங்கே நிற்கவில்லை. சடங்கு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எதையாவது பருகும் நவோராய் உண்டு. அந்தச் சூடான கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தபோது விரல்களுக்குள் உயிர் திரும்பி வருவது குத்தலாகத் தெரிந்தது, முன்பின் தெரியாத பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தேன்.

சூடு-குளிர் மாற்றிக் குளிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதற்கு 5,000 யென் தேவையில்லை. டோக்கியோவில் தெருவுக்குள் இருக்கும் பொதுக் குளியலகம், சென்தோ, அங்கே கட்டணம் 2024 ஆகஸ்டில் 550 யென் ஆனது. சானாவுக்குத் தனியாகக் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கும். நான் போகும் இடத்தில் மிசுபுரோ என்ற குளிர்த்தொட்டி 17 டிகிரி. சானாவில் 8 நிமிடம், வியர்வையை நன்றாகக் கழுவிவிட்டு (இது மிக முக்கியம், கழுவாமல் தொட்டியில் இறங்குவது மற்றவர்களுக்குச் செய்யும் அவமரியாதை) தண்ணீரில் ஒரு நிமிடம், பிறகு முற்றத்து நாற்காலியில் 10 நிமிடம் வெளிக்காற்று. இப்படி மூன்று சுற்று. மூன்றாவது சுற்றின் நாற்காலியில் உடம்பு காற்றில் மிதப்பதுபோல் வரும் நிலையைத்தான் "தொத்தோனோவு" என்கிறார்கள், ஒழுங்காகி அமைவது என்று பொருள். அந்த நாற்காலியும் காற்றும்தான் உயிர். ஜன்னலில்லாத அறையில் அது எனக்கு வரவே இல்லை.

சென்தோவில் ஒரு முதியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது: "அசையாமல் இருங்கள், ஹகோரோமோ கலைந்துவிடும்." ஹகோரோமோ என்றால் தேவலோகப் பெண்ணின் இறகாடை. குளிர்த்தொட்டியில் அசையாமல் இருந்தால் தோலை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் உடம்புச் சூட்டில் இளஞ்சூடாகிறது, அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் இறங்கி அலை எழுப்பினால் அந்த ஆடை கிழிவது தோலில் தெரியும். கடையின் தொட்டியில் நீரோட்டம் பீய்ச்சிக்கொண்டே இருந்ததால் 7 டிகிரி இன்னும் கொடூரமாக இருந்தது. அருவியிலோ அந்த ஆடையே கிடையாது, ஒவ்வொரு நொடியும் புதுத் தண்ணீர். அதனால்தான் அங்கே அத்தனை தயாரிப்பு.

உடற்பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றிக் குளிப்பது, சும்மா இருப்பதைவிடத் தசை வலியைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எடை தூக்கும் பயிற்சி முடிந்தவுடன் குளிர்நீரில் உட்காருவதை வழக்கமாக்கினால் தசை வளர்ச்சி குறைகிறது என்று 12 வாரப் பயிற்சியை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே அந்த நாளில் வேண்டாம். இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் அருவிக்கும் போக வேண்டாம், தொட்டிக்கும் போக வேண்டாம். குடித்துவிட்டு யாருமே வேண்டாம்.

நண்பர் இரண்டு மாதம் குளிர்த்தொட்டி பக்கமே வரவில்லை. போன வாரம் சென்தோவுக்கு அழைத்துப் போனேன். விளிம்பில் உட்கார்ந்து முதலில் காலுக்கும் கைக்கும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன், அப்புறம் இறங்கும்போது வாய்விட்டு எண்ணச் சொன்னேன், ஒவ்வோர் எண்ணும் ஒரு நீண்ட வெளிமூச்சு. 30 வரை எண்ணினார். குரல் ஏழில் நடுங்கியது, பன்னிரண்டில் நின்றுவிட்டது நடுக்கம். வெளியே வந்து நாற்காலியில் சாய்ந்தவர் கால் மணி நேரம் பேசவே இல்லை. எழுந்ததும் கேட்டது, ட்சுபாகிக்கு எப்படிப் பதிவு செய்வது என்றுதான்.