14 வருடம் நின்ற புல்லட், 2 வருட ஓட்டத்துக்குப் பிறகு

சித்தப்பாவின் புல்லட் 1982 மாடல். 350 சி.சி., வார்ப்பிரும்பு சிலிண்டர், 6 வோல்ட், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் உதைக்க முடியவில்லை, விற்கவும் மனம் வரவில்லை. மன்னார்குடி பக்கத்தில் வீட்டு மாட்டுக்கொட்டகையில் 2009இல் நிறுத்தியது அப்படியே நின்றது. 2023 மார்ச்சில் நான் வெளியே எடுத்தேன். அதன் பிறகு 5,200 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. இதேபோல் ஒரு வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

உருட்டி வாசலுக்குக் கொண்டுவந்ததும் என் கால் தானாகக் கிக்கர் பக்கம் போனது. திண்ணையிலிருந்து சித்தப்பா சத்தம் போட்டார். "டேய், உதைக்காதே! முதல்ல பிளக்கைக் கழட்டு." அந்த ஒரு சொல்தான் இன்ஜினைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன். பிளக் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், சிலிண்டர் சுவரில் பழுப்பாக ஒரு கோடு. ரிங் இருக்கும் இடத்தில் துரு பிடித்து, பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஓங்கி உதைத்திருந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் உடையும், சிலிண்டரின் உள்சுவர் கீறிவிடும். பல வருடம் நின்ற இன்ஜினில் மேல்பக்கம் சொட்டு எண்ணெய்கூட மிச்சம் இருக்காது. காய்ந்த இரும்பும் இரும்பும்தான் உரசும்.

டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப்பாதி கலந்து, பிளக் துவாரம் வழியாக ஐம்பது மில்லி ஊற்றி விட்டுவிட்டேன். தினமும் காலையில் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுவது, அவ்வளவுதான். கிக்கரால் தருவதைவிடச் சக்கரத்தால் தரும் விசை மிருதுவானது, கைக்கும் தெரியும். மூன்று நாள் அசையவில்லை. நான்காம் நாள் 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. அப்போதும் அவசரப்படாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றி, மறுநாள்தான் முழுச் சுற்று சுற்றவிட்டேன்.

சைலன்சரில் குச்சி விட்டுப் பார்க்க மறக்காதீர்கள். எனக்கு ஒரு கை நிறையக் குளவிக்கூட்டு மண் வந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி வைத்திருந்த வைக்கோல் தனி.

புல்லட்டில் ஆயில் டேங்க் வெளியே கிடையாது, இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள்ளேயே ஓர் அறை. நீண்ட நாள் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். ஆகவே டேங்கை மட்டும் வடித்தால் போதாது, கிராங்க் அறைக்கு அடியில் உள்ள திருகையும் கழற்றி வடிக்க வேண்டும். எனக்கு அங்கிருந்து வந்தது ஆறின டிக்காஷன் மாதிரி ஒரு குழம்பு. ஃபில்டரை மாற்றி, புதிய 20டபிள்யூ50 ஆயில் ஊற்றினேன்.

பெட்ரோல் டேங்க் உள்ளே முழுக்கத் துரு. சிறு ஜல்லியும் வினிகரும் போட்டு இரண்டு நாள் குலுக்கி, சோடா உப்புத் தண்ணீரால் அலசி, வெயிலில் காயவைத்து, பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து உள்ளே பூசினேன். கார்புரேட்டரில் மேலும் கீழும் நகர வேண்டிய ஸ்லைடு பசை போட்டதுபோல் பிடித்திருந்தது. பெட்ரோல் போகும் சின்ன ஜெட்டின் துவாரத்தைக் குண்டூசியால் குத்தாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும். வயருக்குள் இருக்கும் செம்பு இழையில் ஒன்றே ஒன்றை உருவி விட்டுப் பாருங்கள்.

அப்புறம்தான் சோதனை. பிளக்கை வெளியே வைத்துப் பார்த்தால் ஸ்பார்க் வருகிறது, உள்ளே போட்டால் வண்டி எடுக்கவில்லை. ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் பாயிண்ட்டை ஜீரோ பேப்பரால் (நைஸ் உப்புத்தாள்) தேய்த்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தாயிற்று. பெட்ரோலும் இறங்குகிறது. திருவாரூரிலிருந்து ஒரு பழைய மெக்கானிக் அண்ணனை அழைத்து வந்தேன். அவர் ஒரு ஸ்பேனரையும் தொடவில்லை. "இருட்டட்டும் தம்பி" என்று டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறே முக்கால் மணிக்குப் பாயிண்ட் மூடியைக் கழற்றி, என்னை உதைக்கச் சொன்னார். இரண்டு பாயிண்ட்டுக்கும் நடுவே நீல நிறத்தில் தடிமனாக ஒரு பொறி பளிச்சென்று தெறித்தது. "பிளக்குக்குப் போக வேண்டியது இங்கேயே செலவாகுது. கண்டென்சர் போச்சு." பாயிண்ட் பிரியும்போது அங்கே பொறி தெறிக்காமல் தடுக்கும் சின்னப் பாகம் அது. உள்ளூர்க் கடையில் வாங்கிய புதிய கண்டென்சர் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கியதுதான் இன்றுவரை இருக்கிறது. அதைப் போட்டபின் பாயிண்ட்டில் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொறிதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

உதைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சித்தப்பா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். சாவியைப் போட்டு ஆம்மீட்டரை (மின்னோட்டம் காட்டும் முள்) பார். கிக்கரை மெதுவாக அமுக்கு. பாயிண்ட் சேர்ந்திருக்கும் வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். கம்ப்ரஷன் வந்து கால் தட்டும் இடத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். அங்கே நிறுத்து. சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கு, லீவரை விடு. கிக்கரை மேலே வரவிட்டு, இப்போது முழு மிதி. முள்ளைப் பார்க்காமல் குருட்டாம்போக்கில் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் தப்பாது. மூன்றாவது மிதியில் வண்டி எடுத்தது. பத்து நிமிடம் நீலப்புகை, வாசல் வேப்பமரமே தெரியவில்லை. உள்ளே மிச்சமிருந்த டீசலும் ஆயிலும் எரியும்வரை அது வரும், பயப்பட வேண்டாம். அதைவிட முக்கியம், மேலே வால்வை அசைக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டை லேசாகத் தளர்த்திப் பார்ப்பது. அங்கே எண்ணெய் துளிர்த்தால்தான் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். துளிர்க்கும்வரை ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆறு மாதம்தான் உண்மையான வேலை. 300 கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி மாற்றினேன், அதிலும் கருப்பு மண்டி. சிலிண்டர் ஹெட் இறுக்கத்தையும் டப்பெட்டையும் (வால்வு இடைவெளி) இருமுறை சரிபார்த்தேன். இன்ஜின் ஆறியிருக்கும்போது, வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது, அதுதான் அளவு. 3.25-19 டயர் இரண்டும் வெடித்திருந்ததால் டியூபோடு மாற்றினேன். எலி கடித்த வயரிங் முழுக்கப் புதிது. பதிவு 2012இலேயே காலாவதியாகியிருந்ததால் பதிவைப் புதுப்பிக்கும் படிவம் 25, பசுமை வரி, தாமதக் கட்டணம், காப்பீடு என்று ஆர்.டி.ஓ. அலைச்சல் தனி. மொத்தச் செலவு 38,000 ரூபாய் சொச்சம்.

இவ்வளவு பழைய வண்டிக்குப் பாகம் கிடைக்கிறதே, அதற்குக் காரணம் திருவொற்றியூர். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அங்கேதான் புல்லட் தயாரித்தது. இங்கிலாந்துக் கம்பெனி 1970இல் மூடிய பிறகும், திருவொற்றியூரில் இதே வார்ப்பிரும்பு இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் 2000களின் இறுதிவரை வந்துகொண்டிருந்தது. வேறு பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. நண்பர் ஒருவர் தன் ராஜ்தூத்துக்கு ஒரு கியர் பாகம் தேடி எட்டு மாதம் அலைந்தார்.

இப்போது எப்படி இருக்கிறது? லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தருகிறது. 50, 55 வேகத்தில் திருத்துறைப்பூண்டி சாலையில் போகும்போது கிடைக்கும் அந்த நிதானத் துடிப்பு வேறு எந்த வண்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. 70 தாண்டினால் கைப்பிடி அதிர்கிறது, தாண்டுவதில்லை. 6 வோல்ட் விளக்கு வெளிச்சம் போதாது, இருட்டியபின் எடுப்பதே கிடையாது. முன் பிரேக் பலவீனம்தான், முன்னால் போகும் பஸ்ஸுக்கு நிறைய இடம் விட்டே போகிறேன். ஒரு வாரம் எடுக்காவிட்டால் கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்கிறது. ஸ்டார்ட் செய்யுமுன் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கிக்கரை அமுக்கினால் விட்டுவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இதற்கு ஆகவில்லை. டேப்பின் ரப்பர் வாஷரும் பெட்ரோல் குழாயும் ஒன்றரை வருடத்தில் உப்பிப்போய்க் கசிந்தன. இப்போது எத்தனால் தாங்கும் குழாய் போட்டிருக்கிறேன். இரண்டு நாளைக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துகிறேன். அதற்குப் பிறகு ஜெட் ஒருமுறைகூட அடைக்கவில்லை.

இன்ஜினையும் கிளட்ச்சையும் இணைக்கும் பிரைமரி செயினின் மூடியில் மட்டும் இன்னும் ஆயில் கசிகிறது, கொட்டகைத் தரையில் தினமும் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு வட்டம். ரப்பர் சீல் வாங்கி வைத்தாயிற்று. அறுவடை முடிந்ததும் மூடியைக் கழற்ற வேண்டும். அன்றைக்குத் தன்னையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறார் சித்தப்பா.