சங்க அட்டையா, ஸ்கானரா? யாழ்ப்பாணத்தில் நூலகவியல் முதுமாணி படிக்கிறவர் நேரத்தை எதில் போடலாம்

நூலகவியலிலோ சுவடியியலிலோ (பழைய ஆவணங்களைப் பேணி ஒழுங்குபடுத்துகிற துறை) பட்டப்பின்படிப்பைத் தொடங்கினால் போதும், ஆளாளுக்கு ஆலோசனை சொல்ல வந்துவிடுவார்கள். சங்கத்தில் சேர், மாநாட்டுக்குப் போ, ஒன்லைனில் சேர்டிபிக்கற் எடு, சென்னைக்குப் போய்ப் பழகு, எண்ணிம நூலகம் நடத்துகிற நூலகம் நிறுவனத்தில் போய் நில். ஒன்றுமே பிழையான ஆலோசனை இல்லை. ஆனால் வாரநாளில் வேலை, வகுப்பென்றால் கொழும்புக்கோ களனிக்கோ இரவு பஸ், இடையில் வீட்டுப் பொறுப்பு என்று ஓடுகிற ஒருவருக்கு எல்லாவற்றுக்கும் நேரமும் கிடையாது, காசும் கிடையாது. ஆகவே ஒன்றோடொன்றை வைத்துப் பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். நான் வைத்துப் பார்க்கிற கேள்விகள் இரண்டுதான்: முடிந்த பிறகு காட்டுவதற்குக் கையில் என்ன இருக்கும், என்னுடைய வேலையை நேரில் பார்த்துவிட்டு எனக்காக நாலு வார்த்தை சொல்லக்கூடிய ஆள் ஒருவர் கிடைப்பாரா.

முதலில் சங்கங்கள். இலங்கை நூலகச் சங்கம் 1960இல் தொடங்கியது, 1974இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. டிப்ளோமாவைத் தமிழிலும் படிக்கலாம் என்பதால் எங்கள் பக்கத்தில் பலருக்கு இந்தத் துறைக்குள் வருகிற முதல் வாசலே அதுதான். முதுமாணி படிக்கிறவருக்கு டிப்ளோமா தேவைப்படாமல் இருக்கலாம், ஆனால் சங்கத்தின் தேசிய மாநாடு தேவைப்படும். பல்கலைக்கழக நூலகர்களுக்கு வேறொரு சங்கம் இருக்கிறது, அதற்கும் தனி மாநாடு, தனி ஆய்விதழ். அந்த இதழை இலங்கை ஆய்விதழ்களின் இணையத்தளத்தில் காசில்லாமல் வாசிக்கலாம், அதுவும் எழுதத் தொடங்குவதற்கு முதலே வாசிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் நாட்டில் என்ன ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, என்ன எழுதப்படவே இல்லை என்பது அங்கேதான் தெரியும். வாசகர் திருப்தி அளவீடு ஏராளம். வடக்கின் தனியார் சேகரிப்புகளைப் பற்றித் தேடிப் பாருங்கள், இடைவெளி எங்கே என்று உங்களுக்கே பிடிபடும்.

மறுபக்கத்தில் வெளிநாட்டுச் சங்கங்கள். சிகாகோவில் இருக்கிற அமெரிக்கச் சுவடியாளர் சங்கம் (1936), அமெரிக்க நூலகச் சங்கம் (1876), நூலகச் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனமான இஃப்லா (1927), சர்வதேசச் சுவடிகள் பேரவை (1948). மாணவர்களுக்குக் குறைந்த சந்தா உண்டு, ஆனால் குறைந்தது என்பது டொலரில் சம்பளம் எடுக்கிறவரின் கணக்கு. 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாய்ச் சொச்சத்தில் இருந்து 360 வரை ஏறியதைப் பார்த்த எங்களுக்கு அது வேறு கணக்கு. சந்தா கட்டினால் என்ன வரும்? வேலைவாய்ப்புப் பலகை வரும், அது அங்கத்தைய வேலைகளுக்கு. வழிகாட்டுநர் திட்டம் வரும், அவர் சொல்லுகிற புத்திமதியில் பாதி அவர்களுடைய சட்டத்துக்கும் அவர்களுடைய நேர்முகத் தேர்வுக்கும் பொருந்தும். இணையவழிக் கருத்தரங்குகளும் வரும், ஆனால் சிகாகோவில் கோடைகாலத்தில் பின்னேரம் இரண்டு மணி என்றால் எங்களுக்கு இரவு பன்னிரண்டரை. பதிவு செய்ததைப் பிறகு பார்க்கலாம்தான், ஆனால் கேள்வி கேட்க முடியாத கருத்தரங்கு என்றால் யூரியூப் போதுமே.

இவர்களிடம் உருப்படியாகக் கிடைக்கிறதில் பெரும்பகுதி அங்கத்துவம் இல்லாமலேயே கிடைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுவடிகளை விவரிக்கிற சர்வதேச நியமத்தைப் பேரவையின் தளத்தில் இருந்து இலவசமாக இறக்கலாம். அதே பேரவையின் முயற்சியில் உருவான, சுவடி விவரங்களைப் பதிந்து இணையத்தில் காட்டுகிற ஏற்றொம் (AtoM) மென்பொருளும் இலவசம். அமெரிக்கச் சுவடியாளர் சங்க ஆய்விதழின் பழைய இதழ்களும் திறந்து கிடக்கின்றன. அப்படியென்றால் சந்தா எப்போது பெறுமதி? ஒரு குறிப்பிட்ட காரியம் இருக்கும்போது. உதாரணத்துக்கு, பேரவை புதிதாகத் துறைக்கு வருகிறவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துத் தன்னுடைய மாநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற திட்டம் வைத்திருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் சேருங்கள், சுயவிவரத்தில் ஒரு வரி கூட்டுவதற்காக என்றால் வேண்டாம். கொழும்பு மாநாட்டில் முன்வரிசையில் இருந்து உங்கள் கட்டுரையைக் கேட்கிற ஆட்கள்தான் நாளைக்கு உதவி நூலகர் நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கப் போகிறவர்கள். எங்கள் துறை அவ்வளவு சின்னது.

சரி, சங்கத்தை விடுங்கள். உள்ளூரில் கைபடச் செய்கிற வேலைக்கு வருவோம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் முதலிடம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது கிட்டத்தட்ட 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. பிரதி எடுத்து வைப்பது ஏன் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, எப்படி என்பதுதான் பழக வேண்டியது. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005இல் இருந்து இயங்குகிறது, படம், ஒலி, காணொளிக்கு ஆவணகம் என்று தனித் தளமும் இருக்கிறது. பிரித்தானிய நூலகத்தின் அழிநிலைச் சுவடிகள் திட்டம் 2004இல் தொடங்கியது. அதன் விதி, மூலப்பிரதி நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, எண்ணிமப் பிரதி ஒன்று உள்ளூரிலும் இருக்க வேண்டும் என்பது. 2023 ஒக்ரோபரில் அந்த நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி மாதக்கணக்காக அதன் எண்ணிமச் சேவைகள் முடங்கிக் கிடந்தபோது, உள்ளூர்ப் பிரதி ஏன் என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் இல்லாத பதில் கிடைத்தது. இப்படிப்பட்ட திட்டங்கள் யாழ்ப்பாணத்திலும் நடந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் உதவியாளராக நிற்கிற மாணவர் பழகுவதை எந்த வகுப்பறையிலும் பழக முடியாது.

என்ன பழகலாம் என்று சொல்கிறேன். ஒரு வீட்டு அலுமாரியில் தாத்தாவின் சஞ்சிகைகளும் கடிதங்களும் இருக்கின்றன என்று வையுங்கள். வீட்டுக்காரம்மா கேட்கிற முதல் கேள்வி, "தம்பி, கொண்டு போனால் திருப்பித் தருவியளோ?" அதற்கு எழுத்தில் என்ன கொடுப்பது, எந்தக் கடிதத்தை வெளியிடக்கூடாது என்று அவர் சொன்னால் அதை எங்கே பதிவது, எழுதினவர் இறந்து 70 வருடம் ஆகாவிட்டால் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் என்ன சொல்கிறது, இதெல்லாம் அந்த வாசற்படியிலேயே தொடங்கிவிடும். பிறகு மீதரவு, அதாவது ஆவணத்தைப் பற்றிய விவரக்குறிப்பு. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை வேறு, பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை வேறு. குடும்பப் பெயர் இல்லாத எங்கள் பெயர்களை ஆங்கில விதிப்படி திருப்பிப் போட்டால் தகப்பனின் பெயருக்குக் கீழே மகனின் புத்தகம் போய் நிற்கும். பழைய கடதாசியில் 'விரோதி வருஷம் ஆவணி' என்று மட்டும் இருக்கும், அது 1889ஆ 1949ஆ என்பதைத் தாளையும் எழுத்தையும் உள்ளே பேசப்படுகிற விஷயத்தையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த முடிவுகளை நீங்கள் எடுத்து, ஏன் எடுத்தீர்கள் என்று எழுதி வைத்தால், அதுவே ஒரு மாநாட்டுக் கட்டுரைக்குப் பாதி.

இதற்கும் குறை உண்டு. தொண்டராகச் சேர்ந்தவரை ஸ்கானருக்கு முன்னால் இருத்திவிட்டு மாதக்கணக்காகப் பக்கம் புரட்ட விடுகிற இடங்களும் இருக்கின்றன. முடிவில் 'இவர் எங்களோடு பணியாற்றினார்' என்று மூன்று வரிக் கடிதம் வரும், அவ்வளவுதான். ஆகவே சேரும்போதே கேளுங்கள்: எனக்கு ஒரு பெட்டியை முழுதாகத் தருவீர்களா? எடுத்துவருவது, பட்டியல் போடுவது, விவரிப்பது, ஸ்கான் செய்வது, தரம் பார்ப்பது, ஏற்றுவது என்று ஒரு சின்னத் தொகுப்பை ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை ஒருவரே செய்தால், ஆயிரம் பக்கம் புரட்டினதை விட அது பெரிது. அடுத்தது காசு. சம்பளமில்லாத வேலையை எல்லாராலும் செய்ய முடியாது. முடியாதவரைப் பார்த்து ஆர்வம் காணாது என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது, வேலை செய்கிற பாடசாலையின் அல்லது பிரதேச சபை நூலகத்தின் பழைய மலர்களையும் வரவுப் பதிவேடுகளையுமே உங்கள் பெட்டியாக்குங்கள் என்பதுதான். சம்பள நேரத்துக்குள்ளேயே நடக்கும், பொறுப்பாளரும் சந்தோஷப்படுவார்.

இணையப் பாடநெறிகள்? இலவசம் என்பதால் எல்லோரும் முதலில் இதில்தான் கை வைக்கிறார்கள், சேர்டிபிக்கற் சேருகிற அளவுக்குத் திறமை சேருவதில்லை. நல்லவை இருக்கின்றன: தரவைச் சுத்தம் செய்யப் பழக லைப்ரரி கார்பென்றியின் பாடங்கள், எண்ணிமப் பேணலுக்கு பிரித்தானியக் கூட்டமைப்பு ஒன்று இலவசமாக வைத்திருக்கிற கைநூல். இரண்டுமே ஆங்கிலத்தில்தான். ஆனால் இவற்றைக் கையில் ஒரு தொகுப்பு இருக்கும்போது படிக்க வேண்டும், வெறுங்கையோடு படித்தால் அடுத்த மாதம் மறந்துவிடும். இன்னும் நேராகச் சொன்னால், பத்து சேர்டிபிக்கற்றை விட உங்கள் பழைய லப்ரொப்பில் நூலக மென்பொருளான கோஹாவை நிறுவிப் பார்ப்பது மேல். நியூசிலாந்தின் ஒரு சின்ன நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் வந்த மென்பொருள் அது, இன்று இலங்கையில் பல பல்கலைக்கழக நூலகங்கள் அதில்தான் ஓடுகின்றன. தமிழ்த் தலைப்புகள் ஐம்பதை உள்ளிட்டுத் தேடிப் பாருங்கள், எது வருகிறது எது வரவில்லை என்று பார்க்கும்போதுதான் ஒருங்குறியும் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறிமுறை) மார்க் 21உம் (நூல் விவரங்களைப் பதிகிற நியம வடிவம்) உண்மையில் விளங்கும்.

ஒருநாள் செயலமர்வுகளைப் பற்றி நீட்ட எதுவுமில்லை. நானும் ஒன்றுக்குப் போனேன், ஓலைச்சுவடிப் பேணல் என்று போட்டிருந்தது, மாலைவரை ஸ்லைட் ஓடியது, ஒரு ஓலையைக்கூடத் தொடவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது. நிகழ்ச்சி நிரலில் செய்முறை என்று தனி நேரம் இல்லையென்றால் போகாதீர்கள்.

கடைசியில் கடல் தாண்டுகிற விஷயம். பலாலியில் ஏறினால் சென்னை ஒரு மணித்தியாலச் சொச்சம், கொழும்புக்கு ரயிலில் போவதை விடக் குறைவு. தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூர்ச் சேகரிப்பு ஒன்றில் இருந்து 1994இல் உருவானது. தமிழ் அச்சு, தமிழ்த் தாள், எங்களைப் போலவே ஈரப்பதனும் பூச்சியும், ஆகவே அங்கே பார்க்கிறதை அப்படியே இங்கே கொண்டுவந்து செய்யலாம். டில்லியில் இந்தியத் தேசியச் சுவடிகள் காப்பகத்தின் சுவடியியல் பள்ளி ஒரு வருட டிப்ளோமாவும் ஆவண முகாமை, பேணல் என்று குறுகிய பாடநெறிகளும் நடத்துகிறது. சான்றிதழ் கனமானது, ஆனால் ஒரு வருட லீவு யாருக்குக் கிடைக்கும்? இரண்டில் எனக்குச் சென்னையில் சில வாரங்கள்தான். போவதற்கு முதல் மின்னஞ்சலில் எழுதி, என்ன பார்க்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள், பயிற்சிக்குச் சுற்றுலா விசா சரிவருமா என்று யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத்தூதரகத்திலும் விசாரியுங்கள். ஊரில் ஒரு பெட்டியை முடித்துவிட்டுப் போகிறவருக்கும் சும்மா போகிறவருக்கும் அங்கே கிடைக்கிற மரியாதையே வேறு, ஏனென்றால் முன்னவரிடம் கேட்பதற்குக் கேள்வி இருக்கும்.

பிரித்தானியாவின் செவ்னிங், அமெரிக்காவின் புல்பிரைற் என்கிற புலமைப்பரிசில்கள் எல்லாம் முதுமாணி முடிக்கிற கட்டத்தில் யோசிக்கலாம். செவ்னிங் 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கிறது, பகுதிநேர வேலையும் அதில் சேரும், ஆகவே செய்த மணித்தியாலங்களை இப்போதிருந்தே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

இந்தப் பட்டியல்களில் ஒருவரும் சேர்க்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: சிங்களம். கொழும்பில் தேசியச் சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத்துப் பதிவுகள் வரை இருக்கின்றன, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக ஞாபகப் பதிவேட்டிலும் ஏறின. அங்கே போய்க் கோப்பு ஒன்றை எடுத்துத் தரச் சொல்லி ஊழியரோடு கதைக்கும்போதும், அதே திணைக்களத்தில் ஒருநாள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், சிகாகோ அட்டையை விட ஒரு மாலைநேரச் சிங்கள வகுப்பு அதிகம் உதவும். யாழ்ப்பாணத்திலேயே படிக்கலாம், செலவும் பெரிதாக வராது.