மகரந்த எண்ணிக்கையா, ஒவ்வாமைப் புரத அளவா?

"இன்று மகரந்தம் குறைவு என்கிறார்கள், எனக்கோ தும்மல் நிற்கவில்லை. எந்த அளவை நம்புவது?" ஐரோப்பாவில் பிர்ச் மரம், புல் மகரந்தத்தால் அவதிப்படுபவர்களின் நியாயமான கேள்வி இது.

அளக்கும் விதம்
எண்ணிக்கை: ஹர்ஸ்ட் பொறி நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுக்கும், ஒட்டிய மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள்.
புரதம்: காற்றை வடிகட்டி, ஒவ்வாமையைத் தூண்டும் புரதத்தையே அளப்பார்கள். பிர்ச் மகரந்தத்தில் அந்தப் புரதத்தின் பெயர் பெட் வி 1.

உண்மைக்கு நெருக்கம்
இதில் புரத அளவுதான் மேல். அதே எண்ணிக்கை மகரந்தம் வெளியிடும் புரதம் நாளுக்கு நாள் பத்து மடங்குவரைகூட மாறும். அதோடு, ஈரம் பட்டால் புல் மகரந்தம் வெடித்து, நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள்களாகச் சிதறும். முழு மகரந்தத்தை மட்டும் எண்ணினால் இவை கணக்கில் வராது. 2016 நவம்பரில் மெல்பர்னில் 10 உயிர்களைப் பறித்த இடிமழை ஆஸ்துமாவுக்கு (இடிமழையை ஒட்டிப் பலருக்கு ஒரே நேரத்தில் வரும் மூச்சுத்திணறல்) இந்தச் சிதறலையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

செலவு
எண்ணிக்கை மலிவு, பல ஆண்டுப் பதிவும் உண்டு. புரதத்துக்கு ஆய்வகம் வேண்டும்.

சரி, யாருக்கு எது? பருவம் தொடங்கியதா, மாத்திரையை எப்போது ஆரம்பிப்பது என்பதற்கு எண்ணிக்கை போதும். எண்ணிக்கையும் அறிகுறியும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஆராய்பவர்களுக்குப் புரத அளவு கட்டாயம் வேண்டும். இரண்டுமே பெரும்பாலும் ஏதோ ஒரு மொட்டைமாடிக் காற்றின் கணக்குதான். உங்கள் தெருவில் புல் பூத்திருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.