லாக் சேவைக்கு வருடச் சந்தா கட்டுமுன் இதைப் படியுங்கள்: 480 டாலர் போச்சு

480 டாலர். வருடச் சந்தா, மொத்தமும் முன்கூட்டியே. எரர் வந்தால் அதன் விவரத்தைக் காட்டுவதற்கென்றே கொடுத்த பணம். போன வாரம் எங்கள் ஆப்பின் பேமென்ட் பக்கம் நடு ராத்திரியில் விழுந்தபோது அந்தச் சேவை காட்டியது ஸ்டேட்டஸ் 500 (சர்வரில் ஏதோ கோளாறு என்கிற பொதுக் குறியீடு), கூடவே ‘சர்வ்லெட் எக்ஸப்ஷன்’ என்று ஒற்றை வரி. எந்த ஃபைல், எந்த வரி, எதனால்? ஒன்றும் இல்லை.

சேவையின் பெயர் போடவில்லை. சர்வரில் ஏஜென்ட் என்கிற சின்ன மென்பொருளை நிறுவினால் லாக், அதாவது ஆப் எழுதி வைக்கும் பதிவுகள், எல்லாவற்றையும் தன் தளத்துக்கு அள்ளிக்கொண்டு போய், தேடிப் பார்க்க வசதி தருகிற ரகம்.

டெமோவில் விற்பனைக்காரர் தானே ஒரு எக்ஸப்ஷனை வரவழைத்துக் காட்டினார். உடனே ஸ்டேக் டிரேஸ், அதாவது எரர் எந்த வழியாக வந்தது என்கிற பட்டியல், முழுசாக வந்து நின்றது. மெத்தட் பெயர், வரி எண் எல்லாம். “ஒரு வரிகூட விடாது சார். இனிமே நீங்க சர்வருக்குள்ள போகவே வேண்டாம்” என்றார். ராத்திரியில் எஸ்எஸ்எச் போட்டு, தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழைந்து, ஃபைல் ஃபைலாகத் துழாவுகிறவர்களிடம் இதைச் சொன்னால் போதாதா? அன்றைக்கே கார்டைக் கொடுத்தோம். அவர் காட்டிய டிரேஸ் ஒரு திரைக்குள் அடங்கிய குட்டி டிரேஸ். நிஜ ஆப்பில் அது நூறு வரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

வில்லங்கமே அந்த நீளத்தில்தான். ஜாவா டிரேஸின் தலையில் ஃபிரேம்வொர்க் எறிந்த ஏதோ ஒரு பொது எக்ஸப்ஷன் இருக்கும். அசல் காரணம் அடியில், ‘காஸ்டு பை’ (Caused by) என்று தொடங்கும் கடைசி வரிகளில் கிடக்கும். எங்கள் விஷயத்தில் டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல் காலி, அதாவது டேட்டாபேஸோடு பேச இணைப்பே மிச்சமில்லை. இவர்களுடைய ஏஜென்ட் நீளமான பதிவை வெட்டிவிட்டு மேல்பகுதியை மட்டும் அனுப்புகிறது. போதாக்குறைக்கு, எரர் குவிந்து அன்றைய கோட்டா தாண்டியதும் சாம்ப்ளிங் (மாதிரிக்குச் சிலதை மட்டும் வைத்துக்கொள்வது) என்று பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுகிறது. எரர் குவிகிற நேரத்தில்தானே லாக் வேண்டும்!

சப்போர்ட்டின் லட்சணத்தைக் கேளுங்கள். முதலில் பாட் ஒரு லிங்க் தந்தது. பிறகு ஒருவர், “உங்க லாக் லெவலைப் பாருங்க.” கான்ஃபிகை அனுப்பினேன். அடுத்தவர், “ஒரே எக்ஸப்ஷன் திரும்பத் திரும்ப வந்தா ஜாவாவை ஓட்டுற ஜேவிஎம்மே டிரேஸை விட்டுடும்.” உண்மைதான், நல் பாயின்டர் (null pointer) மாதிரி சில எக்ஸப்ஷன்களுக்கு ஹாட்ஸ்பாட் என்கிற ஜேவிஎம் அப்படிச் செய்யும், அந்த ஆப்ஷனை நாங்கள் எப்போதோ அணைத்துவிட்டோம். மூன்றாமவர், “டாக்கர் 16 கேபிக்கு மேல வரியை உடைக்கும்” என்றார். ஆப்பைக் கன்டெய்னரில் அடைத்து ஓட்டும் அந்த டாக்கரையே நாங்கள் பயன்படுத்தவில்லை ஐயா! அதே நிமிடத்தின் முழு டிரேஸ் சர்வர் ஃபைலில் அப்படியே இருந்தது. அதை இணைத்து அனுப்பினேன். பதிலே இல்லாமல் டிக்கெட் ‘தீர்க்கப்பட்டது’ ஆகிவிட்டது. மறுபடி திறந்தால், “பெரிய பதிவுகளுக்கு மேல் பிளான் எடுங்க.” 480 டாலரைத் திருப்பிக் கேட்டால், வருடச் சந்தாவுக்கு ரீஃபண்ட் கிடையாதாம்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. டிரையலிலேயே காரணத்துக்குள் காரணம் வைத்த நீளமான எக்ஸப்ஷனை எறிந்து, கடைசி வரி வருகிறதா பாருங்கள். ஒரு பதிவின் அதிகபட்ச அளவு என்ன, கோட்டா தாண்டினால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாதச் சந்தா போதும். யார் என்ன சொன்னாலும் சர்வரில் லாக் ஃபைல் எழுதுவதை நிறுத்தாதீர்கள். அவர்கள் பழி போட இடம் தராதபடி உங்கள் புரோகிராமையும் பார்த்துவிடுங்கள்: நோட் ஜேஎஸ்ஸில் எரர் ஆப்ஜெக்டை அப்படியே ஜேசான் ஸ்ட்ரிங்கிஃபை செய்தால் வெறும் அடைப்புக்குறிதான் மிஞ்சும், பைத்தானில் எக்ஸெப்ட்டுக்குள் லாகிங் எரர் என்று மட்டும் எழுதினால் டிரேஸ்பேக் வராது, லாகிங் எக்ஸப்ஷன் என்று எழுத வேண்டும்.

ஆட்டோ ரினியூவலை நிறுத்தியாயிற்று. 480 டாலருக்குச் சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேட்டு வங்கிக்கும் எழுதியாயிற்று.